சாஸ் கிண்டாத மூன்று நாட்கள்

என் கையில் ருசி இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவரை இன்று பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருக்கிறது. அவர் ஒரு லாரி டிரைவர். வில்லியனூர் சாலையில் என் கணவர் போட்டிருக்கும் சாண்ட்விச் கடையில் நின்று சாப்பிட்டவர். அன்றைக்குக் கடையில் வாங்கி வைத்திருந்த சாஸ் தீர்ந்துபோனதால், நான் வீட்டில் தக்காளி, வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டுச் சுண்டக் காய்ச்சி ஒரு தூக்கில் கொடுத்தனுப்பியிருந்தேன். அவர் ரொட்டியைக் கடித்துவிட்டு, "இன்னாபா சாஸு இது, சூப்பரா கீது. யார் வூட்டுக் கை?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் கணவர் வந்து அதைச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதோடு மாட்டிக்கொண்டேன்.

முதலில் எங்கள் கடைக்கு மட்டும் காய்ச்சினேன். அடுத்து பக்கத்து பேக்கரிக்காரர் கேட்டார். பிறகு ஒரு டீக்கடை, காலேஜ் வாசலில் வண்டி போட்டிருப்பவர், ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும் ஒரு ரொட்டிக்கடை. இப்போது பத்துப் பதினைந்து கடைகளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சாஸ் போகிறது. எல்லாம் கண்ணாடி பாட்டில், மேலே சிவப்பு மூடி. கணவர் காலையில் லோடு ஆட்டோவில் தக்காளி கூடைகளை இறக்கிவிட்டு, முந்தின நாள் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போவார். நடுவில் இருக்கும் வேலை மொத்தமும் என் தலையில்.

அது என்ன வேலை என்று தெரியாதவர்கள், ஒரு தடவை செய்துபார்த்தால் அப்புறம் சாண்ட்விச்சில் கூடுதலாக சாஸ் கேட்கமாட்டார்கள். தக்காளியின் அடியில் கத்தியால் கீறி வெந்நீரில் போட்டு, தோல் உரித்து, கிரைண்டரில் அரைத்து, விதை போக வடிகட்டவேண்டும். அதன் பிறகு பெரிய அண்டாவில் ஊற்றி, பிரியாணிக்காரர்கள் வைத்திருப்பதுபோல ஒரு மரத் துடுப்பால் கிண்டவேண்டும். பட்டை, கிராம்பு, மிளகைத் துணியில் முடிந்து உள்ளே போட்டிருக்கும். வற்ற வற்ற அது கொப்புளம் விட்டு வெடித்துத் தெறிக்கும். என் இரண்டு முன்னங்கைகளிலும் இருக்கும் புள்ளிகளைப் பார்த்து அம்மை போட்டதா என்று கேட்டவர்கள் உண்டு. தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் சுற்றிலும் தண்ணீர் பிரியக்கூடாது. அதுதான் பதம். வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, கொதிக்கவைத்த பாட்டிலில் சூடு குறையாமல் ஊற்றி, மூடியைத் திருகி, அடியில் துணி விரித்த வெந்நீர் அண்டாவில் மறுபடி நிற்கவைத்து எடுக்கவேண்டும். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி டொக் என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டால் அந்த பாட்டில் மாதக்கணக்கில் கெடாது. இழுக்காவிட்டால் கொஞ்ச நாளில் உள்ளே புளித்துப் பொங்கி மூடி மேலே உப்பிவிடும்.

காலை ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் சாயங்காலம் நாலு ஆகும். தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. அம்மா வீடு பாகூரில் இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் பொங்கலுக்குப் போனாலும் தீபாவளிக்குப் போனாலும் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். ஒருதடவை எனக்குக் காய்ச்சல் வந்து என் மாமியார் கிண்டினார். அவர் வினிகர் ஊற்ற மறந்துவிட்டார். கடைக்காரர்கள் டேஸ்ட் மாறிவிட்டது என்று திருப்பியனுப்பினார்கள். வினிகர் மறந்த கதையை யாரும் பேசவில்லை. "கை மாறினா ருசி மாறும். இந்தச் சாஸு உன் கைக்குத்தான்டி அடங்கும்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கணவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து வேறு யாரும் துடுப்பைத் தொடுவதில்லை. பாராட்டியே ஒருத்தியை அடுப்போடு கட்டிப்போட முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அந்த அடுப்பு எரியாது. அது நான் தூரமாகும் நாட்கள்.

எங்கள் பக்கத்தில் தீட்டுக்காரி ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூஞ்சை பூத்துவிடும் என்பார்கள். எல்லா வீட்டிலும் இருக்கிற பேச்சுதான். ஆனால் சாண்ட்விச் சாஸுக்கும் அந்த விதி உண்டா என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தபோது மாமியார் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "பாட்டில்ல போட்டு மூடி வைக்கிறது எல்லாம் ஊறுகாதான்" என்றார். முடிந்தது. ரொட்டிக்கு நடுவில் தடவுகிற சாஸ் அன்றோடு மாங்காய், எலுமிச்சையோடு சேர்ந்து ஆசாரத்துக்குள் போய்விட்டது.

நான் பி.காம். படித்தவள். புதுப்பெண்ணாக வந்தபோது இந்தப் பேச்சுக்கெல்லாம் குதித்தேன். "இன்னா அத்த, இந்தக் காலத்துல போய்" என்று ஆரம்பித்து, ரத்தம் என்றால் என்ன, உடம்பு என்றால் என்ன என்று பாடமே எடுத்தேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எழுந்து பின்னால போ" என்றார். பின்னால் என்றால் தோட்டத்தில் மோட்டார் கொட்டகையை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறை. ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலையைத் திருப்பத் திருப்பச் சத்தம் போடும் ஒரு டேபிள் ஃபேன். முதல் மாதம் அதில் உட்கார்ந்து அழுதேன். அவமானமாக இருந்தது. நாய்க்கு வைப்பதுபோல் வாசலில் சோறு வைத்துவிட்டுப் போகிறார்களே என்று கொதித்தது.

சாஸ் ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஒன்று நடந்தது. தக்காளி விலை இறங்கியிருந்த நேரம். கணவர் ஆட்டோ நிறைய கூடைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். எல்லாம் பழுத்துக் கனிந்த பழம், மறுநாள் தாங்காது. அன்று காலையில்தான் எனக்கு வந்திருந்தது. சொன்னால் அவர் மண்ணில் கொட்டிவிட்டு ஊரைக் கூட்டுவார். வாயைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைத்தேன். சாயங்காலம்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிண்டி, பாட்டில்களை நிரப்பி, தீரத் தீர எடுத்துப்போகலாம் என்று அலமாரியில் அடுக்கினேன். அதன்பிறகு ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை. படித்தவள்தான், பாடம் எடுத்தவள்தான், இருந்தாலும் தினம் காலையில் எழுந்ததும் போய் ஒவ்வொரு மூடியாகத் தடவிப்பார்ப்பேன். ஒன்றுகூட உப்பவில்லை. எல்லா பாட்டிலும் விற்றது. அந்த லாரி டிரைவர் வந்து இரண்டு சாண்ட்விச் தின்றுவிட்டுப் போனாராம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிமாளாது. மாமியாரிடம் போய், "பாத்தீங்களா அத்த, எல்லாம் நான் தூரமா இருக்கும்போது செஞ்சது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடவேண்டும் என்று புறப்பட்டேன். சமையல்கட்டு வாசல்வரை போனேன். அவர் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். வாய் திறக்கப்போன நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. சொன்னால் என்ன ஆகும்? தீட்டு போய்விடும், சரி. அதோடு மூன்று நாளும் போய்விடும். மாதம் முப்பது நாளும் துடுப்புதான்.

"இன்னா நிக்கிற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்த, தண்ணி குடிக்க வந்தேன்" என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஆசாரத்தை என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றியவர் யாருமில்லை. மாமியாரே மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். வந்ததும் வராததுமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விடுவேன். "வூட்டுக்கு ஆவாது அத்த, எதுக்கு வம்பு" என்பேன். அவர் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் என் மருமகள் மாதிரி வருமா என்று பெருமை பேசினார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த அறையில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. தூங்கினேன். பட்டப்பகலில், பதினோரு மணிக்கு, யாரும் எழுப்பாமல் தூங்கினேன். மாதம் முழுக்க வாங்கிச் சேர்த்துவைத்த வாரப் பத்திரிகைகளைப் படித்தேன். தொடர்கதையில் நாலு வாரத்தையும் ஒரே மூச்சில் படிக்கிற சுகம் யாருக்குக் கிடைக்கும்? செல்போனில் சத்தம் குறைத்து சினிமா பார்த்தேன். அம்மாவிடம் மணிக்கணக்கில் பேசினேன். சில நேரம் நாற்காலியை வாசலில் போட்டு எதிரே கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கை வெறுமனே மடியில் கிடக்கும். அதை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கிட்டே வந்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளுமே.

பேராசை வந்து மூன்று நாளை நாலாக்கினேன், சில மாதம் ஐந்து. ஒருதடவை பதினைந்து நாளிலேயே பாயைச் சுருட்டினேன். மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாடி இது, போன வாரம்தான உக்காந்து எழுந்த?" என்றார்.

"ஒடம்பு சூடு அத்த. அடுப்புக்கிட்டயே நிக்கிறேன்ல."

"மோர் குடி, வெந்தயம் முழுங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்கு மோரும் வெந்தயமும் வாசலுக்கு வந்தது.

இதில் நான் செய்த பெரிய பாவம் ஒன்று உண்டு. என் மகள் வயதுக்கு வந்தபோது அவளையும் அந்த அறைக்கு அனுப்பினேன். அவளுக்கு மட்டும் விலக்குக் கேட்டால், உனக்கு எதற்கு விதி என்று பேச்சு வந்துவிடுமே. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, நான் இன்னா அழுக்கா?" என்று கேட்டது. "அப்படியில்ல பாப்பா, ஆயா மனசு நோவக்கூடாது, அதுக்குத்தான்" என்று அவள் பாட்டியின்மேல் பழியைப் போட்டு மழுப்பினேன். "நீ டிகிரி படிச்சவதான?" என்றாள். நான் பாயை விரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்தேன். அவளுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. அவள் அடுப்படியில் மாட்டிக்கொண்டவள் இல்லையே, அவளுக்கு அது எப்படி விடுதலையாகத் தெரியும்? எனக்காக அவளை உள்ளே தள்ளினேன்.

பிளஸ் ஒன்னில் அவள் சயின்ஸ் குரூப் எடுத்தாள். வீட்டுக்கு வந்தால் கிருமி, நொதித்தல், தயிர் உறைவது என்று ஒரே பேச்சு. என் பாட்டில்களைத் தூக்கிப்பார்த்து, வெந்நீரில் வைத்தெடுப்பது ஏன் என்று எனக்கே விளக்குவாள். நான் அவ்வளவு நாள் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததற்கு அவளிடம் காரணம் இருந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும். பிள்ளை படித்து இந்த வீட்டைவிட்டு வெளியே போய்விடுவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் அரைப்பரீட்சை லீவில், பாகூரில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. சாஸ் பாதி வற்றியிருந்தது. மாமியாரும் என்னோடு வருவதாக இருந்ததால், அடுப்பை அணைத்து மூடிவைத்துவிட்டுப் போனோம். வந்து தொடர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மகளுக்கு அது இரண்டாம் நாள் என்பதால் அவளைப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பாட்டில்கள் துணிமேல் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. மாமியார் அடுப்படியை எட்டிப்பார்க்காமல் நேரே புடவை மாற்ற உள்ளே போன நேரத்தில் மகள் பின்வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அப்பாவோ ஆயாவோ கேட்டா நீ வந்து முடிச்சன்னு சொல்லிடும்மா. ஒரு விஷயம் இருக்குது, அப்புறம் சொல்றேன்" என்றாள். பிள்ளை எனக்கு உதவி செய்திருக்கிறது என்று நினைத்து உருகிப்போனேன். ஏமாளி நான். வேறொன்றும் தோன்றவில்லை. அந்த மூடிகளின் ஓரத்தில் ரோஸ் கலர் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்ததையும், பன்னிரண்டு பாட்டிலை எடுத்துத் தன் புத்தக அலமாரிக்குப் பின்னால் அவள் வைத்ததையும் நான் கவனிக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகள் எழுந்துபோய் அந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒவ்வொரு மூடியாகத் தட்டிக்காட்டினாள். எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு திடமாக இருந்தன. ஒன்றைத் திறந்து கணவர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"நல்லாக்குதாப்பா?"

"நல்லாத்தான் கீது. இன்னா, உங்கம்மா கைதான?"

"இல்ல. நான் கிண்டினது. எனக்குப் பீரியட்ஸ் ரெண்டாவது நாள்."

கணவர் கை வாயருகே நின்றது. மாமியார் தட்டைப் பின்னால் தள்ளினார். அவள் மட்டும் படபடவென்று பேசிக்கொண்டே போனாள். "கொதிக்கும்போதே கிருமி செத்துடும். மூடி உள்ள இழுத்துக்கிச்சுன்னா காத்து போவாது. வினிகர் வேற இருக்குது. யார் கிண்டினாங்கன்னு பாட்டிலுக்கு எப்படிப்பா தெரியும்? இத்தினி வருஷமா அம்மாவ அந்தக் கொட்டாய்ல உக்கார வச்சிருக்கீங்க." கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. எனக்காகத்தான் இவ்வளவும் செய்திருக்கிறாள். எங்கேயோ போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்பார்களே, என் விஷயத்தில் நான் பெற்ற பிள்ளையே கொண்டுவந்து விட்டது.

மாமியார் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் வேண்டிக்கொண்டேன். சாமி, இந்தக் கிழவி கத்தட்டும், பாட்டிலைத் தூக்கித் தோட்டத்தில் எறியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் மகன் முகத்தைப் பார்த்தார். கணவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, அப்ப மாசம் மூணு நாலு நாள் அடுப்ப அணச்சு வச்சிக்கினு இருந்தமே, எல்லாம் வேஸ்ட்டா?" என்றார்.

மாமியார் தள்ளிய தட்டை மறுபடி அருகே இழுத்துக்கொண்டார். பிறகு, "சாஸுக்கு இல்லபோல. ஊறுகாய்க்கு உண்டு. சாமி ரூமுக்கும் உண்டு. கிண்டி முடிச்சிட்டுப் போயி பின்னால உக்காந்துக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருட ஆசாரம் ஒரு கரண்டி சாஸில் இப்படிப் பிரிந்துவிட்டது. எது அவர்களுக்கு நஷ்டமோ அது மூடநம்பிக்கை, மற்றதெல்லாம் தீட்டு. மகளுக்கு அந்தப் பாதியும் வெற்றியாகத்தான் தெரிந்தது. ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இனிமே நீ பகல்ல அங்க போய் உக்காரவேணாம்மா" என்றாள். அவளை இழுத்து ஓர் அறை விடவேண்டும்போல இருந்தது எனக்கு. நிஜமாகவே கை துடித்தது. ஆனால் அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. "என் தங்கம்" என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன்.

அடுத்த மாதம் முதல் நாள் காலையில் ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தேன். இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. கணவர் கூடையை இறக்கிவிட்டு, "முடியலன்னா உக்காந்துக்கினு கிண்டு" என்று ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது, அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். ஸ்டூல் போட்டுக் கொடுப்பவரிடம் என்ன சண்டை போடுவது? மத்தியானம் தோட்டத்துக்குக் குப்பை கொட்டப் போனபோது அந்த அறையைப் பார்த்தேன். காலிக் கூடைகளை உள்ளே அடுக்கி, பாயைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள்; இனி ஒதுங்குவதென்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலைதான். நின்று அழக்கூட நேரமில்லை, அண்டாவில் அடிபிடித்துவிடும்.

அதற்கடுத்த மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. ரொட்டிக்கடையில் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள் என்று இரண்டு அடுப்பில் இரண்டு அண்டா ஏற்றியிருந்தேன். மகளுக்குத் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. உள்ளே கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு படித்தாள். கணவர் ஆட்டோவை எடுக்கப் போனவர் ஜன்னல் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, வந்து ஒரு அடுப்பப் பாரு. அம்மா ஒண்டியா கஷ்டப்படுறா."

"அப்பா, எனக்கு ரெண்டாவது நாளுப்பா. வயிறு வலிக்குது."

"அதான் ஒண்ணும் கெட்டுப்போவாதுன்னு நீதான காட்டின. வா வா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் எழுந்து வந்து துடுப்பைப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் கிண்டினாள். சாஸ் தெறித்து அவள் மணிக்கட்டில் பட்டது. நான் போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டு, "உள்ள போய்ப் படு" என்றேன். அவள் போகவில்லை. சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, நான் இரண்டு அண்டாவுக்கும் நடுவில் மாறி மாறிக் கிண்டுவதைப் பார்த்தாள். நான் ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கவேண்டும்.

"உனக்கும் வந்துடுச்சாம்மா?"

"காலையில."

மணிக்கட்டில் பட்ட சாஸைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அம்மா, சாஸு கெடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ பால்வாடி போனப்பலேர்ந்து."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே கிண்டச் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து, மாமியார் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்குப் போடுறதுல நாலு பாட்டிலுக்கு மூடிய லூசா விட்டுடறேன். வெயிலுக்கு ஒரு வாரத்துல பொங்கிடும். நான் இந்த நேரத்துல தொட்டதாலதான் இப்படி ஆயிடுச்சி, நான் முன்ன சொன்னது தப்புன்னு நானே ஆயாகிட்ட சொல்றேன். அப்பா பயந்துடுவாரு. உனக்கு அந்த நாளு திரும்பக் கெடச்சிடும்."

நான் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். நான் இன்னா அழுக்கா என்று அந்த வாசலில் நின்று கேட்ட பிள்ளை இது. இப்போது எனக்காக, ஆமாம், நான் தொட்டால் கெட்டுப்போகும் என்று தன் வாயாலேயே சொல்லத் தயாராக நிற்கிறது.

"வேணாம்" என்றேன்.

"நான் சொல்லிக்கிறேம்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

"வேணாம்ன்றேன்ல. போய்ப் படி, போ" என்று கத்திவிட்டேன். அவள் போய்விட்டாள்.

இதை வைத்து என்னைப் பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அவள் அதைச் சொன்னபோது என் வாயில் முதலில் வந்தது சரி என்ற சொல்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவே. மூன்றாம் தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். அவள் அதன்பிறகு கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த நாள் வரும்போது, இன்றைக்காவது கேட்பாளா என்று அவள் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே கிண்டுகிறேன்.